மன்னார்த் தீவும் காற்றாலைகளும்

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டு மாடியில் கொடிக்கயிற்றில் வேட்டி நிற்காது. ஆடிப்பூரத் தேரோட்டத்தின்போது ரத வீதியில் நம் கண்ணில் மண்ணை வாரிப் போடுகிற இந்தக் காற்று, ராஜபாளையம், சங்கரன்கோவில் தாண்டிப் போனால் தேவர்குளம் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. பஸ்ஸில் போகும்போதெல்லாம் நான் ஜன்னலோரம் இடம் பிடிப்பது அவற்றைப் பார்க்கத்தான். பேரன் சிரிப்பான்.

இந்தப் பிரியத்துக்குக் காரணம் பள்ளிக்கூடம். நான் படித்தது புதுவையில், பிரெஞ்சு வழியில். அல்ஃபோன்ஸ் தோதே 1869-ல் வெளியிட்ட கதைத் தொகுப்பில் கோர்நீய் என்ற கிழவரின் கதை வரும். பாரீஸ்காரர்கள் வந்து நீராவி மாவு மில் வைத்துவிடுகிறார்கள். ஊரெல்லாம் அங்கே போகிறது. கிழவரின் காற்றாலை மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் மூட்டைகளில் கோதுமை இல்லை, சுண்ணாம்புக் காரையும் செங்கல் உடைசலும்தான். மானத்தைக் காப்பாற்ற வெறும் ஆலையை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். விஷயம் தெரிந்ததும் ஊரே கோதுமையைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடுகிறது. அந்தக் கதையில் வெளியாள் நீராவி மில், காற்றாலை ஊர்க்காரர்.

மன்னாரில் நடந்துகொண்டிருப்பது அப்படியே தலைகீழ்.

நம் வயதுக்காரர்களுக்குத் தலைமன்னாரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. போட் மெயிலில் தனுஷ்கோடி போய் இறங்கி, கப்பல் ஏறினால் அந்தக் கரையில் தலைமன்னார். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனபிறகும் ராமேஸ்வரத்திலிருந்து 80-கள் வரை கப்பல் ஓடியது. மன்னார்த் தீவு நீளமான, தாழ்வான மணல் திட்டு. பனை, பெருக்கமரம், கழுதைகள், மீன்பிடி. தீவையும் பெரிய நிலத்தையும் பிரிக்கும் ஆழமில்லாத நீர்ப்பரப்பை ஒட்டி வங்காலைப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 2010-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து தெற்கே வரும் பறவைகளுக்கு அந்தப் பகுதிதான் இலங்கையின் வாசல். பூநாரைகள் கூட்டமாக இறங்கும். கூந்தன்குளத்தில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர்க்காரர்களைப் பார்த்தவர்களுக்கு இதன் மதிப்பு புரியும்.

அங்கே காற்றும் அப்படித்தான், ஏராளம். தென்மேற்கும் வீசும், வாடையும் வீசும். நம் பக்கம் 1986-லேயே தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் காற்றாலைகள் வந்துவிட்டன. பிறகு முப்பந்தல், கயத்தாறு என்று பரவின. மன்னாரில் யுத்தம் முடிய வேண்டியிருந்தது. 2020 டிசம்பரில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் 'தம்பபவனி' திறக்கப்பட்டது. தீவின் தென்கரையோரம் 30 காற்றாலைகள், மொத்தம் 103.5 மெகாவாட். பறவைக் கூட்டம் வந்தால் காற்றாடியை நிறுத்துவதற்கு ரேடாரும் வைத்தார்கள்.

ஆனால் ஜனங்கள் சொன்ன முதல் குறை பறவை அல்ல, மழைத்தண்ணீர். காற்றாலைகளுக்குக் கனரக வண்டிகள் போக மேடான பாதை போட்டார்கள். கடலுக்கு வடிய வேண்டிய தண்ணீர் வீட்டுக்குள் நிற்கிறது என்றார்கள். கரைவலைக்காரர்கள் மீன் குறைந்துவிட்டது என்றார்கள். இல்மனைட் மணலுக்காக நிலம் தோண்டுவார்களோ என்ற பயம் வேறு. மேடு போட்டால் தண்ணீர் எங்கே போகும் என்று கண்மாய்க்கரையில் வளர்ந்தவனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வரத்துக்காலை மறித்து ஒரு ரோடு போட்டால் போதும், ஓர் ஆயக்கட்டே தரிசாகும்.

இதை எழுதும்போது ஒரு பெரியவர் ஞாபகம் வருகிறார். ஒரு தாலுகா ஆபீஸில் நான் எழுத்தராக இருந்த காலம். ஒரு பாதைக்கு நிலம் எடுக்க, ஆட்சேபணை இருந்தால் 30 நாளில் தெரிவிக்கலாம் என்று நோட்டீஸ். ஆபீஸ் பலகையில் ஒட்டினோம். கிராமத்தில் தண்டோரா போட்டதாகக் கோப்பில் இருந்தது. கெடு முடிந்து இரண்டாம் நாள் அவர் வந்தார், பாதை வாய்க்காலை அடைக்கும் என்று மனுவோடு. "தேதி போயிடுச்சு ஐயா" என்றேன். "எனக்குத் தண்டோரா சத்தம் கேக்கலியே தம்பி" என்றார். விதிப்படி நான் செய்தது சரிதான். மனுவில் 'காலங்கடந்தது' என்று சிவப்பு மையில் எழுதியதும் நான்தான். அந்த வாய்க்காலில் அப்புறம் தண்ணீர் வரவில்லை.

மன்னாரில் அடுத்து வந்தது அதானி. மன்னாரிலும் பூநகரியிலுமாக 484 மெகாவாட், 44 கோடி டாலருக்கு மேல் முதலீடு. மன்னாரில் மட்டும் 52 காற்றாலைகள். இலங்கைச் சட்டப்படி சுற்றுச்சூழல் அறிக்கையை 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், வைத்தார்கள். மன்னார் ஆயரும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் உச்ச நீதிமன்றம் போனார்கள். யூனிட்டுக்கு 8.26 அமெரிக்க சென்ட் என்ற விலை அதிகம் என்று புதிய அரசு மறுபரிசீலனை செய்ய, 2025 பிப்ரவரியில் அதானி விலகிக்கொண்டது. அதாவது திட்டம் நின்றது விலைப் பிரச்சினையில். பறவையும் மழைத்தண்ணீரும் வழக்குக் கட்டோடு சரி.

அதனால்தான் அதே ஆண்டு ஆகஸ்டில் வேறு கம்பெனிகளின் 14 காற்றாலைகளுக்குத் தளவாடங்கள் வரத் தொடங்கியதும் ஜனங்கள் இரவும் பகலும் ரோட்டில் உட்கார்ந்தார்கள். பாதிரிமார்களும் முன்னால் நின்றார்கள். ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க ஒரு மாதம் வேலையை நிறுத்தி வைத்தார்.

கென்யாவிலும் இப்படி ஒன்று நடந்தது. துர்கானா ஏரியின் தென்கிழக்கே 365 காற்றாலைகள், 310 மெகாவாட். ஆடுமாடு, ஒட்டகம் மேய்த்துத் திரிந்த ஜனங்களின் பொது மேய்ச்சல் நிலம் ஒன்றரை லட்சம் ஏக்கர் குத்தகைக்குப் போயிற்று. ஜனங்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். பட்டா முறையற்றது, மக்களைக் கேட்கவில்லை, ஒரு வருடத்தில் சரிசெய்யுங்கள் என்று 2021 அக்டோபரில் மேரு நகர நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2019-லேயே கென்ய ஜனாதிபதி வந்து திறந்துவைத்த காற்றாலைகள், தீர்ப்பு வந்த அன்றும் சுற்றிக்கொண்டுதான் இருந்தன.

நான் காற்றாலைக்கு எதிரி இல்லை. அனல் மின் நிலையச் சாம்பலைத் தூத்துக்குடியில் பார்த்தவன், காற்றைப் போய் எப்படிக் குறை சொல்வேன்? பத்து ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு, மழைக்காலத்தில் அவர்களோடு நடந்து, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டுப் பாதை போட்டிருக்கலாம். அதற்கு ஆகும் செலவு ஒரு காற்றாடி இறக்கையை லாரியில் கொண்டுவரும் செலவுகூட இராது.

மன்னாரில் அந்த ஒரு மாதம் முடிந்தது. ஒப்புக்கொண்ட திட்டங்கள் நடக்கும் என்றது அரசு. செப்டம்பர் கடைசியில் ஓர் இரவு போலீஸ் காவலோடு தளவாடங்கள் உள்ளே வந்தன. மறித்தவர்களுக்கும் போலீசுக்கும் கைகலப்பு. பிறகு ஹர்த்தால். இனி வரும் திட்டங்களுக்கு மன்னார் மக்களின் சம்மதம் வேண்டும் என்று அரசு அறிவித்திருக்கிறது. இந்த 14 காற்றாலைகளுக்கு அது பொருந்தாது.