காங்கேசன்துறை வீதியின் பழைய கார்களும் எண்ணெய் வடிகட்டியும்

யாழ்ப்பாண நகரிலிருந்து கொக்குவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை ஆகிய ஊர்களைக் கடந்து வடகடலை அடையும் வீதிக்குக் காங்கேசன்துறை வீதி என்று பெயர். அவ்வீதியில் ஒரு காலத்தில் மிகுதியாக ஓடியவை ஒஸ்ரின், மொறிஸ் என்னும் ஆங்கிலேயக் கார்கள். அவற்றுட் சில இன்றும் யாழ்ப்பாணத்தில் ஓடுகின்றன. செய்தவரே கைவிட்ட ஓர் இயந்திரம் அறுபது எழுபது ஆண்டுகள் கழிந்தும் எங்ஙனம் உயிரோடிருக்கிறது? இவ்வினாவுக்கு விடைகள் பல உண்டு. அவற்றுள் ஒன்றாகிய எண்ணெய் வடிகட்டியின் வரலாற்றை நேயர்களுக்கு இன்று எடுத்துரைக்க விழைகின்றேன். நம் கராச்சுகளில் இதனை ‘ஒயில் பில்ரர்’ என்பர்.

எஞ்சினுக்குள் உலோகமும் உலோகமும் நேரே உராய்வதில்லை. அவற்றினிடையே மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று நிற்கிறது. காற்றோடு புகும் வீதிப் புழுதியும், எரிபொருளின் கரியும், தேய்ந்த உலோகத் துகளும் அவ்வெண்ணெயிற் கலந்தால், காக்க வேண்டிய எண்ணெயே அரமாக மாறிப் பெயாரிங்குகளைத் தின்றுவிடும். தொடக்ககாலக் கார்களில் இதற்குத் தகுந்த காப்பு இருக்கவில்லை. எண்ணெயை அடிக்கடி வடித்துவிட்டுப் புதிது வார்ப்பதே வழக்கம். 1923 இல் அமெரிக்கரான ஏணெஸ்ற் சுவீற்லண்ட் என்பார் ‘பியூரோலேற்றர்’ என்னும் வடிகட்டியை உருவாக்கினார். மறு ஆண்டில் வெளிவந்த கிறைஸ்லர் காரில் அது இடம்பெற்றது.

முற்கால வடிகட்டிகளிற் பல பக்கவழி வடிகட்டிகள். எண்ணெயின் ஒரு சிறு பகுதி மட்டுமே அவற்றினூடே சென்று திரும்பும். பெரும்பகுதி வடிகட்டப்படாமலே பெயாரிங்குகளை அடையும். அதன் பின் வந்தது முழுவழி முறை. பம்பியிலிருந்து வரும் எண்ணெய் முழுவதும் அதில் வடிகட்டியைக் கடந்தே செல்லும். மொறிஸ் மைனரில் 1952 முதல் பொருத்தப்பட்ட 803 கனசென்ரிமீற்றர் எஞ்சினில் பக்கவழி வடிகட்டியே இருந்தது. 1956 இல் வந்த 948 கனசென்ரிமீற்றர் எஞ்சின் முழுவழி வடிகட்டியைப் பெற்றது.

ஆயினும் அந்த முழுவழி வடிகட்டியைக் கையாள்வது எளிதன்று. உருக்குக் கிண்ணம் ஒன்று. அதன் நடுவே நீண்ட ஆணி. உள்ளே சுருள்வில், தட்டு, வளையங்கள், கடதாசி மடிப்பாலான வடிபொருள். மேலே தலைப்பகுதியின் பள்ளத்தில் ஓர் இறப்பர் வளையம். பழைய வளையத்தை ஊசியாற் கிளறி எடுக்காமல், அதன்மேலே புதியதை இட்டுவிட்டால் கிண்ணம் சரியாக அமராது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் எண்ணெய் அழுத்தத்தோடு வெளியே பீறிடும். சில நிமிடங்களில் எஞ்சின் வறண்டுபோகும். 1950 ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் தோன்றிய திருகு வடிகட்டி இத்தொல்லையை ஒழித்தது. தகரக்கூடும் வடிபொருளும் வளையமும் அதில் ஒன்றே. பழையதைத் திருகிக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைத் திருகிப் பூட்டினால் வேலை முடிந்தது. ஒஸ்ரின், மொறிஸ் எஞ்சின்களின் பிற்காலப் பிறப்புகளில் தொழிற்சாலையே இம்முறைக்கு மாறிற்று.

இனி நம் ஊருக்கு வருவோம். 1950 இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலையும், துறைமுகமும், புகையிரத முடிவிடமும் காங்கேசன்துறையை எந்நேரமும் இயங்கும் ஊராக்கியிருந்தன. 1960 ஆம் ஆண்டுகளில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இல் அக்கட்டுப்பாடு தளரும் வரை, இருந்த காரைப் பேணுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. பின்னர் போர் வந்தது. 1990 இல் புகையிரதம் நின்றது; தொழிற்சாலை மூடப்பட்டது; ஊர்மக்கள் இடம்பெயர்ந்தனர். குடாநாட்டின்மீது பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று.

அக்காலத்தில் யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோல் கொண்டு எஞ்சினை இயக்கிச் சூடேற்றி, அதன்பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். அழுத்த விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள் அதனை ஏற்றுக்கொண்டன. ஆனால் அதற்கு விலை ஒன்றுண்டு. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே கீழிறங்கி எண்ணெயோடு கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும். எந்த வடிகட்டியாலும் அதைப் பிரிக்க இயலாது. துகளைத் தடுப்பதே வடிகட்டியின் தொழில். நீர்த்த எண்ணெய்க்கு மாற்று புதிய எண்ணெயே. அந்நாள்களைக் கடந்துவந்த எஞ்சினைத் தேய்வின் தழும்புகளோடு ஏற்றுப் பேணுவோருக்கு இவ்வேறுபாடு தெளிவாயிருத்தல் நன்று.

இன்று பழைய கிண்ண வடிகட்டியைத் திருகு வடிகட்டியாக மாற்ற விரும்புவோர் செய்வது யாது? கிண்ணத்தையும் ஆணியையும் கழற்றிவிட்டு, நடுவே மரையுடைய குழாய் கொண்ட இணைப்புத் தட்டு ஒன்றைத் தலைப்பகுதியிற் பூட்டுவர். அம்மரையில், எளிதிற் கிடைக்கும் வடிகட்டி ஒன்று அமரும். இங்கே நான்கு எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, பள்ளத்துப் பழைய வளையத்தை முற்றாக நீக்க வேண்டும். இரண்டாவது, வடிகட்டி அடைத்துக்கொண்டால் எண்ணெய்க்கு மாற்றுவழி திறக்கும் வால்வு பழைய தலைப்பகுதியில் உள்ளதா, கிண்ணத்தோடு போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். போய்விட்டதாயின் புதிய வடிகட்டியிலேயே அவ்வால்வு இருத்தல் வேண்டும். மூன்றாவது, வளையத்திற்கு எண்ணெய் தடவிக் கையாலேயே இறுக்க வேண்டும். ஸ்பானர் கழற்றுவதற்கே உரியது. நான்காவது, எரிபொறியை இணைக்காமல் எஞ்சினைச் சுழற்றி, எண்ணெய் அழுத்தம் எழுந்ததைக் கண்ட பின்னரே ஓடவிட வேண்டும்.

பக்கவழி எஞ்சினுக்கு இம்மாற்றம் முழுவழிப் பயனைத் தராது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. கூட்டை மாற்றினால் எண்ணெயின் பாதை மாறிவிடுவதில்லை.

பழம்பொருளின் ஓர் ஆணியையும் மாற்றலாகாது என்பார் உளர். அவர் கூற்றை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இந்த மாற்றத்தில் எஞ்சினில் துளையிடுவதில்லை, எதனையும் அறுப்பதில்லை. கழற்றிய கிண்ணத்தைத் துடைத்து எண்ணெய் பூசி வைத்தால், வேண்டும்போது மீளப் பூட்டலாம். கிடைக்காத வளையத்திற்காகக் கொட்டிலில் நிற்கும் கார் துருப்பிடிக்கும். ஓடும் கார் நிலைக்கும். 2015 சனவரியில் புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறையை அடைந்தபோது, பழைய பாதையிற் புதிய தண்டவாளங்களே போடப்பட்டிருந்தன. பாதை பழையதாகவே இருந்தது, பயணமும் தொடர்ந்தது. பழைய எஞ்சினுக்குப் புதிய வடிகட்டி பூட்டுவதும் அத்தன்மைத்தே.