தேவியைத் திருத்தியவன்

எகிப்தின் ஐசிஸ் தேவிக்குக் காளை பலி! அதன் உடலுள் ரொட்டியும் தேனும் அத்தியும் நிரப்பி எரித்தனர். எஞ்சிய இறைச்சியை மாந்தரே உண்டு மகிழ்ந்தனர் என எழுதிவைத்தார், கி.மு. 5ஆம் நூற்றாண்டின் எரோடோட்டஸ்.

கி.பி. 6ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் மன்னன் ஆணையிட்டான். ஃபிலே தீவில் அவள் கோயில் மூடப்பட்டது. பூசாரிகள் சிறைப்பட்டனர். சீறினாளா தேவி? இல்லை! நைல் நதியும் வற்றிவிடவில்லை.

1976இல் அயர்லாந்தின் குளோனெகல் கோட்டையில் ‘ஐசிஸ் தோழமை’ பிறந்தது. மறுபடியும் மலர், தூபம், வழிபாடு! ஆனால், பலி கூடாதென்பது அவர்தம் விதி.

காளை கேட்டவள் கருணை பூண்டாளோ? அன்று! காலம் மனிதனைத் திருத்திற்று; திருந்திய மனிதன் தேவியைத் திருத்தினான். படையலை மாற்றும் உரிமை மனிதனுக்கு உண்டெனில், அதனை நிறுத்தும் உரிமையும் அவனுடையதே என்கிறோம் நாம்!