வேலையிழந்தோர் மறுவேலை உதவி (இந்தியா)

ஆட்குறைப்பாலோ ஆலை மூடப்பட்டதாலோ வேலையிழந்த தொழிலாளி மறுபடி வேலையில் அமரும்வரை அரசு செய்துதரும் ஏற்பாடுகள். இழப்பீடு, இடைக்காலப் படி, தொழிற்பயிற்சி, வேலைத்தகவல், பழைய இடத்திலேயே முன்னுரிமை ஆகியவை இதில் அடங்கும். இந்தியாவில் இவை ஒருபோதும் ஒரே திட்டமாக இருந்ததில்லை. தொழில் தகராறுச் சட்டம், வேலைவாய்ப்பு அலுவலகம், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு), அவ்வப்போது வந்துபோன நிதிகள் எனச் சிதறியே இருந்துவந்துள்ளன. கணக்கு முடித்து அனுப்புவதில் ஓரளவு தேறிய இந்த ஏற்பாடு, அடுத்த வேலையைத் தேடிக் கொடுப்பதில் தொடக்கம் முதலே தடுமாறி வந்துள்ளது.

அரசு செலவில் இலவச வேலைவாய்ப்பு நிலையங்கள் வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1919இல் உடன்படிக்கை செய்தது. 1921இல் அதை ஏற்ற பிரிட்டிஷ் இந்தியா 1938இல் விலகிக்கொண்டது. மில் வாசலில் ஆள் குவிந்து கிடக்கும்போது நிலையங்கள் எதற்கு என்பதே தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1931இல் அறிக்கை தந்த விட்லி கமிஷனின் எண்ணமாகவும் இருந்தது. ஆள் எடுப்பது மேஸ்திரி கையில் இருந்த காலம் அது.

அந்த எண்ணத்தை இரண்டாம் உலகப் போர்தான் மாற்றியது. படையிலிருந்தும் போர்க்காலத் தொழிற்சாலைகளிலிருந்தும் விடுவிக்கப்படுவோரைக் குடிவாழ்க்கையில் அமர்த்த 1945 ஜூலையில் மறுவாழ்வு, வேலைவாய்ப்புத் தலைமை இயக்ககம் தொடங்கப்பட்டது. ஈராண்டில் பிரிவினை அகதிகளின் பொறுப்பும் அதன்மேல் விழுந்தது. பின்னர் எல்லாருக்கும் திறக்கப்பட்ட அதன் வேலைவாய்ப்பு அலுவலகங்களின் அன்றாட நிர்வாகம் 1956 நவம்பரில் மாநிலங்களுக்கு மாறியது. 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி, 25 பேருக்குக் குறையாத தனியார் நிறுவனமும் காலியிடத்தை அறிவிக்க வேண்டியிருந்தது. ஆனால் அலுவலகம் அனுப்பும் ஆளையே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை.

வேலை போனவருக்கென்று தொடங்கிய அலுவலகம், நாளடைவில் முதல் வேலைக்குக் காத்திருப்போரின் அலுவலகமாகிவிட்டது. தமிழ்நாட்டில் எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் என்றாலே மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் பதிவும் சீனியாரிட்டியும்தான் நினைவுக்கு வரும். மாநில அரசு தரும் உதவித்தொகைகூட, படித்துப் பதிந்து ஐந்தாண்டு காத்திருந்தோருக்கானது. நேற்று மில் மூடியதால் வீட்டுக்கு வந்தவருக்கானது அன்று.

அவருக்கு முதல் பாதுகாப்பு 1953இல் தொழில் தகராறுச் சட்டத்தில் சேர்ந்த 5ஏ அத்தியாயம். ஓராண்டு தொடர்ந்து வேலைபார்த்தவரை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸும், பணிசெய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் தர வேண்டும் என்றது அது. கடைசியாக வந்தவரே முதலில் போக வேண்டும் என்பது பொது விதி. பலர் கவனிக்காத பிரிவு 25எச்: அதே நிர்வாகம் மறுபடி ஆள் எடுத்தால், அனுப்பப்பட்டவரைத்தான் முதலில் அழைக்க வேண்டியிருந்தது. இதற்கான நடைமுறையை மத்திய அரசின் 1957ஆம் ஆண்டு விதிகள் அழகாகவே வகுத்தன. காலியிடத்தை நிரப்பப் பத்து நாளைக்கு முன்பே அறிவிப்புப் பலகையில் விவரம் ஒட்ட வேண்டும். தகுதியுள்ள பழைய தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் பதிவுத் தபாலில் தகவல் போக வேண்டும். தாளில் இதைவிட நல்ல மறுவேலை உதவி இந்தியாவில் எழுதப்படவில்லை. ஆனால் ஆலையே மூடிவிட்டால் பலகையும் இல்லை, தபால் அனுப்ப ஆளும் இல்லை. ஆலைமூடல் ஆட்குறைப்பு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதையடுத்து, மூடலுக்கும் இழப்பீடு கிடைக்க 1957இல் சட்டம் திருத்தப்பட்டது. மறுவேலைக்கு அது வழி சொல்லவில்லை.

பஞ்சாலைகள் நசிந்தபோது இந்த இடைவெளி வெட்டவெளிச்சமானது. 1985ஆம் ஆண்டு ஜவுளிக் கொள்கையின் தொடர்ச்சியாக, 1986 செப்டம்பரில் ஜவுளித் தொழிலாளர் மறுவாழ்வு நிதித் திட்டம் வந்தது. நிரந்தரமாக மூடப்பட்ட தனியார் மில்லின் தொழிலாளிக்கு முதலாண்டு சம்பளத்தில் 75 விழுக்காடு, அடுத்த ஆண்டு 50, மூன்றாம் ஆண்டு 25; அத்தோடு சரி.

தாராளமயத்தோடு வந்தது தேசியப் புதுப்பிப்பு நிதி. 1991இல் அறிவிக்கப்பட்டு 1992 பிப்ரவரியில் அமைக்கப்பட்ட இதன் நோக்கம், வேலையிழப்போருக்கு மறுபயிற்சி தந்து வேறு வேலையில் சேர்ப்பது. நடந்ததோ, பெரும்பகுதிப் பணம் மத்திய பொதுத்துறை நிறுவனங்களின் வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) தொகைக்கே போனது. பயிற்சி கடைசிவரை ஓரத்திலேயே நின்றது. 2000இல் நிதி கலைக்கப்பட்டது.

இன்று நடைமுறையில் கைகொடுப்பது பெரும்பாலும் இ.எஸ்.ஐ.தான். 2005 ஏப்ரலில் தொடங்கிய ராஜீவ் காந்தி திட்டம் ஆட்குறைப்பு, ஆலைமூடலில் வேலையிழந்த காப்பீட்டாளருக்குப் பாதிச் சம்பளத்தைப் படியாகத் தருகிறது. ஆறு மாதமாக இருந்த காலவரம்பு பின்னர் ஈராண்டாக நீண்டது; இரண்டாம் ஆண்டில் தொகை கால்பங்குதான். 2018 ஜூலையில் வந்த அடல் திட்டம் 90 நாள்வரை கால்பங்குச் சம்பளம் தந்தது. கொரோனா ஊரடங்கின்போது அது பாதியாக உயர்ந்தது. பழைய முதலாளி வழியாகத்தான் மனு வர வேண்டும் என்ற நிபந்தனையும் தளர்ந்தது. வேலையைவிட்டு அனுப்பியவரிடமே போய்க் கையெழுத்துக்கு நிற்கச் சொன்ன விதியை மாற்றப் பெருந்தொற்று வர வேண்டியிருந்தது!

இத்தனைக்கும் வெளியே நிற்பவர்கள் வி.ஆர்.எஸ். படிவத்தில் கையெழுத்திட்டவர்கள். விருப்ப ஓய்வு சட்டப்படி ஆட்குறைப்பு ஆகாது. எனவே மறுவேலை முன்னுரிமையும் இல்லை, இ.எஸ்.ஐ. படியும் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் 2014 நவம்பரில் உற்பத்தி நிற்குமுன் நிரந்தரத் தொழிலாளர் பெரும்பாலோர் போனது இந்த வழியில்தான். ஆலை மூடப்போகிறது என்று தெரிந்தபின் போடும் கையெழுத்தை விருப்பம் என்று எழுதிக்கொள்வது சட்டத்தின் வசதி.

தொழில் தகராறுச் சட்டத்துக்குப் பதிலாக, 2020ஆம் ஆண்டுத் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. பழைய தொழிலாளருக்கான மறுவேலை முன்னுரிமையை அது ஓராண்டுக்குள் சுருக்கியது. 1953ஆம் ஆண்டுப் பிரிவில் அப்படிக் காலவரம்பு இருந்ததில்லை. அதேசமயம், மறுதிறன் நிதி என்ற புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஆட்குறைப்புக்கு ஆளான தொழிலாளியின் கணக்கில் 45 நாளுக்குள் 15 நாள் சம்பளம் சேரும். ஓராண்டு வேலைபார்த்தவருக்கும் இருபதாண்டு வேலைபார்த்தவருக்கும் அதே 15 நாள்தான்.