இயற்பியல் பட்டத்தின் வரவும் கடனும்

புதுக்கோட்டை சமஸ்தானத்தில் 1857இல் தொடங்கிய பள்ளி, 1880இல் மன்னர் கல்லூரியாக உயர்ந்தது. 1948இல் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தபின் அது அரசுக் கல்லூரியானது. இத்தகைய அரசுக் கல்லூரியில் இயற்பியல் படிக்கக் கட்டணம் குறைவு, தங்குவதற்கும் பிறகு ஆசிரியராவதற்கான பி.எட். படிப்புக்குமே கடன் தேவைப்படும்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில், ஆடி மாதத்தில் விருந்து வைத்து மொய் வாங்கும் மொய்விருந்தின் பணம் பிள்ளைகளின் படிப்புக்கும் உதவியது. அதற்கு வட்டியில்லை, ஆனால் வாங்கிய மொய்யைப் புது மொய்யும் சேர்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும். 2018 கஜா புயல் அவ்வட்டாரத்தின் தென்னைகளைச் சாய்த்தபோது இந்தச் சுழற்சியும் தடுமாறியது. மொய்க்கு மாறாக, வங்கிக் கல்விக் கடனுக்கு வட்டி உண்டு; 2001இல் வகுக்கப்பட்ட திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை பிணை கேட்கப்படவில்லை.

அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக பி.எட்.டும் தகுதித் தேர்வும் வேண்டும். எனவே கடனைப் பட்டப்படிப்பின் மூன்றாண்டுக்கு மட்டும் அல்ல, பி.எட்.டும் சேர்த்து ஐந்தாண்டுக்குக் கணக்கிடுவதே சரி.