சியாத்வாதமும் கணிப்பொறியின் மங்கல் தருக்கமும்

1965ஆம் ஆண்டில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகப் பேராசிரியர் லட்ஃபி சாதே, கணிதத்தின் கணக் கோட்பாட்டை விரிவுபடுத்தும் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். ஒரு பொருள் ஒரு கணத்தில் அடங்கும் அல்லது அடங்காது என்னும் இரண்டு நிலைகளையே பழைய கணிதம் ஏற்றிருந்தது. சாதேயோ, எந்த அளவுக்கு அடங்கும் என்பதை 0 முதல் 1 வரையுள்ள எண்ணால் குறிக்கலாம் என்றார். 'ஃபஸி லாஜிக்' என வழங்கும் மங்கல் தருக்கம் இதிலிருந்தே வளர்ந்தது.

இதன் பயன் வல்லுநர் மென்பொருள்களில் நன்கு புலப்பட்டது. துறை வல்லாரின் அறிவை 'இவ்வாறாயின் இது' என்னும் விதிகளாக்கிக் கணிப்பொறிக்கு அளிப்பவை அவை. ஆனால் வல்லுநர் எப்போதும் எண்களால் பேசுவதில்லை. 'சற்றே காய்ச்சல்', 'மிகுந்த வெப்பம்' என்றே பேசுவர். 1970களில் ஸ்டான்ஃபோர்டில் உருவான மைசின் என்னும் மருத்துவ மென்பொருள், ஒரு முடிவை எவ்வளவு நம்பலாம் என்பதை -1 முதல் +1 வரை மதிப்பிட்டது. 1974இல் லண்டன் குயின் மேரி கல்லூரியைச் சார்ந்த மம்தானி, சொற்களாலான விதிகளை மங்கல் தருக்கத்தால் கணக்கிட்டுச் சிறு நீராவி எந்திரத்தை இயக்கும் முறையை வெளியிட்டார். பின்னர் வியன்னாவில் உருவான காடியாக்-2 என்னும் மருத்துவ மென்பொருள் ஒவ்வொரு நோய்க்குறிக்கும் இரண்டு வினாக்களை எழுப்பியது: அந்நோயில் இக்குறி எவ்வளவு அடிக்கடி தோன்றும்? இக்குறி அந்நோயை எவ்வளவு உறுதிப்படுத்தும்?

இவற்றைக் கேள்வியுறும் சமணர்க்குச் சியாத்வாதம் நினைவுக்கு வருதல் இயல்பு. அறிவியலாரும் அதனை எண்ணியதுண்டு. புள்ளியியல் அறிஞர் மகாலனோபிஸ் 1954இல் சப்தபங்கியை நிகழ்தகவுக் கருத்தோடு இணைத்து எழுதினார். உயிரியல் அறிஞர் ஹால்டேன் 1957இல் சியாத்வாதம் பற்றிக் கட்டுரை வரைந்தார். இவ்விரண்டும் சாதேயின் கட்டுரைக்கு முற்பட்டவை. ஆயினும், 'மங்கல் தருக்கம் நம் ஆகமங்களிலேயே உள்ளது' என உரைப்பது பொருந்தாது. சாதே தம் கட்டுரையில் சமண நூல் எதையும் சுட்டவில்லை. அதனினும் முதன்மையானது, இரண்டும் வெவ்வேறு வினாக்களுக்கு விடை கூறுகின்றன என்பதே.

'சியாத்' என்பதற்கு 'ஒருவேளை' என்பது பொருளன்று. 'ஒரு நோக்கில்' என்பதே பொருள். மண்குடம் ஒன்றைக் கருதுக. தன் திரவியம், இடம், காலம், பாவம் ஆகியவற்றின் நோக்கில் அது உண்டு. பொன் முதலிய பிறவற்றின் நோக்கில் இல்லை. இரு நோக்கையும் முறையே கூறின் உண்டும் இல்லையும் ஆம். ஒருங்கே கூறப் புகின் சொல்லொணாதது ஆம். இந்நான்காவது கூற்று முதல் மூன்றனோடு தனித்தனியே சேர, ஏழு கூற்றுகளாகும். இங்கே குடம் பாதி அளவே உண்டு என்பது கருத்தன்று. மண்ணெனும் நோக்கில் அதன் உண்மை முழுமையானது. பொன்னெனும் நோக்கில் அதன் இன்மையும் முழுமையானது. சமந்தபத்திரர் ஆப்தமீமாம்சையில் விளக்கிய நெறி இது. தமிழில் நீலகேசி பிற சமயத்தாரோடு வாதிட்டு நிறுவுவதும் அநேகாந்தமே.

ஆகவே மைசின் வினவுவது 'எவ்வளவு நம்பலாம்' என்பது. மங்கல் தருக்கம் வினவுவது 'எந்த அளவுக்கு' என்பது. சியாத்வாதம் வினவுவது 'எந்த நோக்கில்' என்பது. உறுதியின்மையும் அளவும் நோக்கும் மூன்று வேறு பொருள்கள். இவற்றை ஒன்றாகக் குழப்பினால், சியாத்வாதம் ஐயவாதமே என்று முற்காலத்தில் மாற்றார் கூறிய குற்றச்சாட்டை நாமே ஏற்றவராவோம்.

உறவு அறவே இல்லை என்பதும் ஏகாந்தமே ஆகும். உண்டு, இல்லை என்னும் இரண்டு சொற்களால் உலகம் முற்றும் அடங்காது என்பதில் இரண்டும் உடன்படுகின்றன. மேலும், ஒரு மென்பொருள் 'இந்நோய் 0.7' என விடை தரும்போது, அவ்விதியை வகுத்தவர் யார், எவ்வகை நோயாளரைக் கண்டு வகுத்தார் என்னும் வினா எஞ்சி நிற்கிறது. எண் அளவைத் தருமேயன்றி நயத்தைத் தாராது. கணிப்பொறித் துறையில் புகும் நம் இளையோர் முன்னோரிடமிருந்து பெறத்தக்கது அவ்வினாவே. பிறர் கண்டுபிடிப்பை நமதென உரிமை கொள்ளாமல், அதனை எந்த நோக்கில் ஏற்கலாம், எந்த நோக்கில் ஏற்கலாகாது என ஆராய்வதே சியாத்வாதிக்குரிய ஒழுக்கமும் ஆகும்.