யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கு: ஒரு சமூக வரலாற்று நோக்கு

விளையாட்டின் வரலாறு எமது சூழலில் பெரும்பாலும் வெற்றி தோல்விகளின் பட்டியலாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆடியவர் எவர், வென்றவர் எவர் என்பன பேணப்பட்ட அளவுக்கு, ஆடப்பட்ட நிலம் எவருடையது என்னும் வினா எழுப்பப்படவில்லை. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தோட்டப்புறங்களில் இவ்வினா அன்றாட வாழ்வோடு பிணைந்ததாகும். அங்கு பந்து உதைப்பதற்கு ஒரு சமதரை வேண்டுமாயினும் தோட்ட நிருவாகத்தின் இசைவு வேண்டும். அச்சூழலில் நின்று நோக்குமிடத்து, மாநகர சபையொன்றின் பொதுச்சொத்தாக விளங்கும் யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கின் வரலாறு தனிக்கவனத்துக்குரியதாகின்றது.

இவ்வரங்கு யாழ்ப்பாணக் கோட்டைக்கு எதிரே, முற்றவெளியை அடுத்து அமைந்துள்ளது. போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை 1658 இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் அதனை ஐங்கோண வடிவில் மீளக் கட்டினர். கோட்டையின் பீரங்கிகளுக்கு மறைப்பேதும் இருத்தலாகாது என்பதற்காகவே அதன் முன்னுள்ள நிலம் வெளியாக விடப்பட்டது. ஆதிக்கத்தின் தேவைக்கென வெறுமையாக்கப்பட்ட அந்நிலமே காலப்போக்கில் நகர மக்களின் பொதுவெளியாயிற்று. பொதுநூலகம், சுப்பிரமணியம் பூங்கா, வீரசிங்கம் மண்டபம், விளையாட்டரங்கு ஆகியன ஒன்றையொன்று அடுத்து அமைந்தமை தற்செயலன்று. வாசிப்பும் கூட்டமும் ஆட்டமும் ஒருங்கே நிகழும் இடமாக அப்பகுதி உருப்பெற்றது.

அரங்கின் பெயரும் ஒரு வரலாற்று ஆவணமேயாகும். அல்பிரட் துரையப்பா 1960 முதல் 1965 வரை யாழ்ப்பாணத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும், 1970 முதல் மாநகர முதல்வராகவும் விளங்கியவர். ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியைச் சார்ந்து நின்றவர். 1974 ஜனவரி 10 ஆம் நாள், நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நிகழ்ச்சி வீரசிங்கம் மண்டபத்தின் முன் நடைபெற்றபோது பொலிசாரின் நடவடிக்கையால் மக்கள் உயிரிழந்தனர். அதன் பொறுப்பு மாநகர முதல்வர் மீதும் சுமத்தப்பட்டது. 1975 ஜூலை 27 ஆம் நாள் பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் மீதான மதிப்பீடுகள் இன்றும் முரண்பட்டு நிற்க, பெயர் மட்டும் அரங்கில் நிலைத்துள்ளது.

இனி, அங்கு ஆடப்பட்ட ஆட்டத்தின் சமூக அடித்தளத்தை நோக்குவோம். யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் கல்லூரிகளின் ஆட்டமாக வளர்ந்தது. மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான போட்டி 1904 இல் தொடங்கியது. உதைபந்தாட்டமோ கல்லூரிகளுக்கு அப்பால் ஊர்களிலும் வேரூன்றியது. பாசையூர் சென். அன்ரனிஸ், நாவாந்துறை சென். மேரிஸ் முதலான கழகங்கள் கடலோடு பிழைக்கும் மக்களின் குடியிருப்புகளிலிருந்து எழுந்தவை. தமது பங்குகளின் புனிதர் பெயர்களையே தாங்கியவை. ஒரு பந்து மட்டும் போதும் என்னும் எளிமை உழைக்கும் மக்களுக்கு இவ்வாட்டத்தை உரியதாக்கியது. அவர்கள் நகரின் நடுவே வந்து ஆடுதற்கு இடமளித்ததே இத்தகைய அரங்கின் முதன்மையான சமூகப் பயன் எனலாம்.

போர் இப்பொதுவெளியைச் சிதைத்தது. 1981 இல் நூலகம் எரிக்கப்பட்டது. 1990 இல் கோட்டை முற்றுகையிடப்பட்டபோது சுற்றுப்புறம் முழுவதும் போர்முனையாயிற்று. 1999 ஏப்ரலில் அரங்கின் திருத்தப் பணிகளின்போது 25 மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. 1987 முதல் 1990 வரை இந்தியப் படை நிலைகொண்டிருந்த காலத்தில் புதைக்கப்பட்டோர் அவர்கள் என்னும் கருத்து அன்று பரவலாக நிலவியது. பின்னர் இந்திய அரசின் ஏறத்தாழ 7 கோடி இந்திய ரூபா உதவியுடன் அரங்கு புதுப்பிக்கப்பட்டு, 2016 ஜூன் 18 ஆம் நாள் திறக்கப்பட்டது. இலங்கைச் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன நேரிலும், இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி காணொளி வழியாகவும் அதிற் கலந்துகொண்டனர். அரங்கு 1997 முதல் பயன்பாடற்றுக் கிடந்ததாக அவ்வேளை கூறப்பட்டது. அதன் மண்ணில் கிடைத்த எலும்புகளோ விழாவின் பொருளாகவில்லை.

புதுப்பிக்கப்பட்ட அரங்கில் 1,850 பேர் அமரலாம். கொழும்பு சுகததாச விளையாட்டரங்கு ஏறத்தாழ 25,000 பேரைக் கொள்வது என்பதை ஒப்புநோக்கின், வளங்கள் தலைநகரிற் குவிந்திருப்பது புலனாகும். 2021 இல் நாட்டின் தொழில்முறைத் தொடராக அறிமுகப்படுத்தப்பட்ட சூப்பர் லீக்கில் இடம்பெற்ற 10 கழகங்களுள் மூன்று முப்படைகளைச் சார்ந்தவை. நாவலப்பிட்டியைச் சேர்ந்த அப்கன்றி லயன்ஸ் கழகத்துக்கு அதில் இடமிருந்தது. வட மாகாணத்திலிருந்தோ சப்பிரகமுவவிலிருந்தோ ஒரு கழகமேனும் இல்லை. ஊர்தோறும் ஆட்டக்காரர் இருந்தும், ஆட்டத்தைத் தொழிலாகக் கொள்ளும் வாய்ப்பு அவர்களுக்கு எட்டவில்லை.

எனினும் யாழ்ப்பாணத்து ஆட்டக்காரருக்கு உரிமை கோருவதற்கு ஒரு மாநகர சபையேனும் இருந்தது. யட்டியாந்தோட்டை, தெரணியகலைத் தோட்டத் தொழிலாளரின் நிலை வேறு. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. தோட்டங்கள் 1972 முதல் 1975 வரை அரசுடைமையாக்கப்பட்டபோதும், 1992 இல் நிருவாகம் கம்பனிகளுக்குக் கைமாறியபோதும், நிலம் தொழிலாளரின் பொதுவெளியாகவில்லை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் 2018 இல் திருத்தப்படும் வரை, சபைகள் தமது நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடுவதற்குத் தடையிருந்தது. வாக்களித்தவருக்கு ஒரு மைதானம் அமைத்துக் கொடுக்கவும் சட்டம் இடந்தரவில்லை என்பதே இதன் பொருள்.

முற்றவெளியின் வரலாறு உணர்த்துவது இதுவே: பொதுநிலம் ஆள்வோரால் அருளப்படுவதன்று, மக்கள் இடைவிடாது பயன்படுத்துவதாலும் தமக்குரியதெனக் கோருவதாலும் பொதுவாகி நிற்பது. 2018 ஆம் ஆண்டின் திருத்தம் அக்கோரிக்கைக்குச் சட்டவழி ஒன்றைத் திறந்துள்ளது. சப்பிரகமுவத் தோட்டங்களின் விளையாட்டு வரலாற்றில் அடுத்த அத்தியாயம், அவ்வழியே பெறப்படும் நிலத்தைப் பொறுத்தே எழுதப்படும்.