கரவந்தபுரக் கோட்டை

பொருநையொடு கலக்கும் சிற்றாற்றின் நீர்வளம் பெற்ற நாட்டில், திருநெல்வேலிக்கு வடக்கே, மானூர்ப் பக்கத்தே உக்கிரன்கோட்டை என்னும் சிற்றூர் உளது. கோட்டை காணச் செல்வார் ஈண்டு நெடுமதிலைக் காணார்; வயலும் குளமுமே காண்பர். உக்கிரன் என்னும் பெயர் கேட்டதும் திருவிளையாடல் கூறும் உக்கிரகுமார பாண்டியரை நினைத்தல் அடியார்க்கு இயல்பே. ஆயினும், சரித்திரச் சான்று வேறிடத்தே உளது.

இவ்வூரே பண்டைக் கரவந்தபுரம் என்பது கல்வெட்டறிஞர் துணிபு. களக்குடி என்பது அதன் மறுபெயர். சூழ்ந்த நாடும் களக்குடிநாடு எனப்பட்டது. சபையோர்க்குரிய தகுதிகளை வகுத்துரைக்கும் மானூர்க் கல்வெட்டும் அவ்வூரை இந்நாட்டகத்ததாகவே குறிக்கின்றது.

கோட்டையை எடுத்தவன் நெடுஞ்சடையன் பராந்தகன். அவனது 17-ஆம் ஆட்சியாண்டிற்குரிய சீவரமங்கலச் செப்பேடு, கல்லால் அமைந்த அகழையும், முகில் படிந்து ஈரம் புலராத உச்சியையுடைய மதிலையும் கூறும். புலவர் மிகைப்படுத்துவர் என்று தள்ளிவிடலாகாது. கடலையே அகழாகக் கொண்ட விழிஞத்தை அவன் அழித்த செய்தியையும் அச்செப்பேடே கூறுதலின், மேற்றிசைப் பகைவரை நோக்கித் தென்பாண்டி நாட்டில் வலிய அரண் ஒன்று வேண்டப்பட்டது என்பது தெளிவு.

சைவர் சிறப்பாக அறியத்தக்கது அவ்வூர் மருத்துவர் குடியின் வரலாறு. அக்குடியிற் பிறந்த மாறன் காரி கி. பி. 770-இல் ஆனைமலையில் நரசிங்கப் பெருமானுக்குக் கற்றளி குடைவித்தார். அது முற்றுப்பெறுமுன் அவர் மறைய, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் செய்து முடித்தார். கரவந்தபுரத்து வைத்தியராகிய சாத்தன் கணபதியோ மாசாமந்தர் பதவி வகித்தவர், கி. பி. 773-இல் திருப்பரங்குன்றத்துத் திருக்கோயிலையும் குளத்தையும் திருத்தினார். திருஞானசம்பந்தர் அதற்கு ஒரு நூற்றாண்டின் முன்னரே அப்பதியைப் பாடியருளினார் ஆதலின், சாத்தன் கணபதி செய்தது புதிதாகத் தோற்றுவித்தல் அன்று, பழைய பதியைப் புதுக்குதலே எனல் பொருந்தும். செப்பேட்டில் பரமவைணவன் எனப்பட்ட அரசனுக்கு அடங்கிய சாமந்தர் செய்த சிவப்பணி இது! சமயப் பிணக்குத் தேடுவார்க்கு இஃது ஏமாற்றமே தரும்.

அவர் மனைவியார் நக்கன் கொற்றியார் துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் எடுப்பித்தார் என்று அங்குள்ள கல்வெட்டுக் கூறுகின்றது. அம்மலையின் குடைவரையில் அவ்விரு தேவியரையும் இன்றும் தரிசிக்கலாம்.